ஹல் நகரத்துக்குப் போகாதவள்

பிரெஸ்லாவ்,
28 ஏப்ரல் 1933

மேட்டாவுக்கு,

ஏழு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றுமில்லை. முன்னறையில் உட்கார்ந்து செய்தித்தாளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வேலை போய்விட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யோசித்துப் பார்த்தால் உன்னைத் தவிர ஆள் இல்லை. இது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் அந்த ஆள் பதவி ஏற்றபோது, "கோடைக்குள்ள போயிடுவான் பாரு" என்றார் அப்பா. பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே யாரை வேண்டுமானாலும் விசாரணையில்லாமல் பிடித்து வைக்கலாம் என்று ஆணை வந்தது. மார்ச்சில் நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை அவன் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனது. ஏப்ரல் முதல் தேதி நம் தெருவில் யூதர் கடை ஒவ்வொன்றின் வாசலிலும் அவனுடைய பழுப்புச் சட்டைக்காரர்கள் நின்றார்கள். அடுத்த வாரம் சட்டம்: யூதர்கள் அரசுப் பணியில் இருக்கக்கூடாது. பள்ளிக்கூடமும் அரசுப் பணிதானே.

தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு ஹெட்விக். பசங்க வகுப்பு முடிஞ்சு வெளிய வர்றதுக்குள்ள கிளம்பிட்டீங்கன்னா நல்லது. யாரும் அழ வேண்டாம் பாருங்க" என்றார். யாரும் அழவில்லை. கணக்கு வாத்தியாருக்காக எந்தப் பிள்ளை அழும்?

நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. பதிலை யூதர் பள்ளி முகவரிக்கு அனுப்பு. அங்கே வாரத்தில் மூன்று நாள் பாடம் எடுக்கிறேன்.

ஹெட்விக்

---

ஹாம்பர்க்,
3 மே 1933

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே நான்கு முறை படித்தேன், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை, கார்ஸ்டன் வந்துதான் அடுப்பை அணைத்தான்.

உனக்கு வேலை போனதற்கு அழ வேண்டும். ஆனால் நீ எழுதினாயே என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. மன்னித்துவிடு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். யூதனல்லாத கார்ஸ்டனை நான் கல்யாணம் செய்துகொண்ட அன்று அப்பா சட்டையைக் கிழித்துக்கொண்டு, மகள் செத்துப்போனாள் என்று ஏழு நாள் தரையில் உட்கார்ந்தார். சரி, அது அவர் நம்பிக்கை. நீயும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாயே, அக்கா! நீ சாமி கும்பிடுகிற ஆள்கூட இல்லையே!

இங்கே துறைமுகத்தில் கார்ஸ்டனின் கூட்டாளிகள் எல்லாம், "சும்மா சத்தம்தான், அடங்கிடும்" என்கிறார்கள். கார்ஸ்டன் ஒன்றும் சொல்வதில்லை. கப்பலுக்கு வழிகாட்டுகிறவன் அல்லவா, தண்ணீர் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் பார்க்க வேண்டும் என்பான்.

அப்பாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லாதே.

உன் மேட்டா

---

ஹாம்பர்க்,
6 அக்டோபர் 1935

அன்புள்ள அக்காவுக்கு,

புதுச் சட்டத்தைப் படித்திருப்பாய். இனி எங்களைப் போன்ற கல்யாணம் நடந்தால் சிறை. ஏற்கெனவே நடந்தது செல்லுமாம், ஆனால் கார்ஸ்டனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். மேலதிகாரி தோளில் கைபோட்டுப் பேசினாராம். "வுல்ஃப், நீ நல்ல ஆளு. விவாகரத்துன்னு ஒரு தாள் எழுதிக் கொடுத்தா போதும். ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்."

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன். "என் பொண்டாட்டி சமைக்கிற மீன் குழம்பு மாதிரி உங்க வீட்ல கிடைக்குமான்னு கேட்டேன்" என்றான். சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த ஜோக்கை அவன் எத்தனை நாள் சொல்ல முடியும்?

வேடிக்கையைப் பார். நான் யூதப் பெண்ணே இல்லை என்று அப்பா என்னைத் தள்ளினார். யூதப் பெண்ணைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்கிறது அரசாங்கம்.

அப்பா இந்தச் சட்டத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா? என் பெயரை எடுத்தாரா?

மேட்டா

---

பிரெஸ்லாவ்,
20 அக்டோபர் 1935

மேட்டா,

இல்லை. எடுக்கவில்லை.

நமக்கு ஓட்டுரிமையும் குடியுரிமையும் போனதைப் படித்துவிட்டு, அறுபத்தொன்பது வயதில் தன்னை எந்த நாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்வது என்று கேட்டார். சூப் ஆறுகிறது என்றேன்.

ஹெட்விக்

---

பிரெஸ்லாவ்,
17 நவம்பர் 1938

மேட்டா,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பெரிய தொழுகைக்கூடம் எரிந்துவிட்டது. போன வியாழக்கிழமை காலையில் பால் வாங்கப் போனபோது பார்த்தேன். தீயணைப்பு வண்டி நின்றது, குழாயும் இருந்தது. பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் என் பழைய மாணவி ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், கடைத்தெருவில் சந்தித்தால் ஆட்டுவதுபோல.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேர். அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவர்களில் ஒருவன், "கிழவா, உனக்கு எத்தனை வயசு?" என்றான். "எழுபத்திரண்டு." "இவன் நடக்கவே மாட்டான்டா, விடு." கண்ணாடி அலமாரியைத் தள்ளிவிட்டுப் போனார்கள். மாடி வீட்டு மருத்துவரையும் அவர் மகனையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பூஹன்வால்ட் என்ற இடமாம். மகன் திரும்பிவிட்டான், தலை மொட்டை, பேச்சில்லை. மருத்துவர் திரும்பவில்லை.

என் பள்ளியையும் மூடிவிட்டார்கள். இனி கடிதங்களைத் தபால் நிலையத்துக்கு அனுப்பு, நானே போய் வாங்கிக்கொள்கிறேன். அப்பா இரண்டு நாள் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். போதும் என்றாலும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. தூக்கம்தான் வருகிறது.

ஹெட்விக்

---

ஹாம்பர்க்,
22 ஜனவரி 1939

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உட்கார்ந்து படி.

உனக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது! கார்ஸ்டன் போன வருடத்துக்கு முந்தைய வருடமே துறைமுக வேலையை இழந்தவன்தானே, யூத மனைவி உள்ளவனுக்கு அரசுப் பணி கிடையாது என்று. இப்போது பெயிண்ட் கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறான். ஆனாலும் பழைய கப்பல்காரர்கள் அவனை மறக்கவில்லை. ஹல் என்று ஒரு ஊர். அங்கே ஒரு கப்பல் தலைவர் வீட்டில் வீட்டுவேலைக்கு ஆள் வேண்டுமாம். வீட்டுவேலைக்கு என்றால் பெண்களுக்கு அனுமதி கொடுக்கிறார்கள். நாற்பத்தைந்து வயது வரைதான். உனக்கு ஆகஸ்டில் நாற்பத்தைந்து ஆகிறது.

எனக்குத் தெரியும், நீ என்ன சொல்வாய் என்று. கணிதத்தில் பட்டம் வாங்கியவள், இன்னொருத்தி வீட்டுத் தரையைத் துடைப்பதா? துடை அக்கா. வைதுகொண்டே துடை.

அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கார்ஸ்டனிடம் கேட்டுவிட்டேன். "என் பைப் புகையை அவரு பொறுத்துக்குவாரான்னு மட்டும் கேளு" என்றான். தெருப்பக்க அறையை அப்பாவுக்கு ஒழித்துவிட்டோம். தனிப் பாத்திரங்கள் வாங்குகிறேன், பன்றி இறைச்சி வீட்டுக்குள் வராது, வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி ஏற்றுகிறேன், எனக்கு மறக்கவில்லை. அவர் என்னோடு பேசவே வேண்டாம். சாப்பிட்டால் போதும்.

நீ மட்டும் அவரிடம் கேள். உன் வாயால் கேட்டால் மறுக்கமாட்டார்.

மேட்டா ஸாரா (யூதப் பெண்கள் எல்லோருக்கும் அரசாங்கம் வைத்த பெயர். ஒரே வீட்டில் பிறந்து இப்போதுதான் நமக்கு ஒரே பெயர்!)

---

பிரெஸ்லாவ்,
12 பிப்ரவரி 1939

மேட்டா,

உனக்கும் உன் கணவருக்கும் நன்றி.

அப்பாவிடம் கேட்டேன். முடியாது என்றுவிட்டார். "செத்தவ வீட்டுல போய் எப்படிச் சாப்பிடறது?" என்றார். வருத்தப்படாதே. அவர் குணம் உனக்குத் தெரியும்.

அவரைத் தனியே விட்டுவிட்டு நான் போக முடியாது. அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

ஹெட்விக்

---

ஹாம்பர்க்,
20 மே 1939

அக்கா,

மூன்று மாதம் உன்மேல் கோபமாக இருந்து பார்த்தேன். களைத்துப்போய்விட்டேன்.

கப்பல் தலைவரின் மனைவி இன்னும் யாரையும் வைக்கவில்லை. உனக்காகக் காத்திருக்கிறாள். முகம் தெரியாத ஒரு பெண்மணி காத்திருக்கிறாள், பெற்ற தகப்பனுக்கு மனம் இரங்கவில்லை. "செத்தவள்" என்றாரா? செத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு அதில் பழக்கம் வந்துவிட்டது. அவருக்கு முன்னால் வராமல் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தே தட்டை நீட்டுகிறேன் என்று சொல்.

இன்னொரு முறை கேள். ஒரே ஒரு முறை. அல்லது நான் அங்கே வரட்டுமா? காலில் விழுகிறேன்.

மேட்டா

---

பிரெஸ்லாவ்,
15 அக்டோபர் 1939

மேட்டா,

வராதே என்று நான் கொடுத்த தந்திக்குக் கோபப்பட்டிருப்பாய். இனி அந்தப் பேச்சுக்கு அவசியமில்லை. போர் வந்துவிட்டது, இங்கிலாந்துக்கு வழி இல்லை.

வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் பாவமன்னிப்பு நோன்பு நாள். பட்டினியோடு பெட்டியை மார்பில் அணைத்தபடி அப்பா காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். என்னைத் தொட விடவில்லை. வீட்டையும் காலி செய்துவிட்டோம். இப்போது யூதர்களுக்கென்று ஒதுக்கிய கட்டடத்தில் ஓர் அறை. நடுவே போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கடைக்குப் போக ஒரு மணி நேரம்தான் அனுமதி. நாங்கள் போகும்போது உருளைக்கிழங்குகூடத் தீர்ந்துபோயிருக்கும்.

நீ அனுப்பிய காபித்தூளுக்கு நன்றி. யார் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கோப்பை குடித்தார்.

ஹெட்விக்

---

பிரெஸ்லாவ்,
23 நவம்பர் 1941

மேட்டா,

பென்சில் மழுங்கிவிட்டது, பொறுத்துப் படி. மருத்துவமனைத் தாதி ஒருத்தி இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று முன்தினம் காலையில் வந்து கூட்டிவந்தார்கள். முன்பு இசைக் கச்சேரி நடக்கும் பெரிய கூடத்தில் இருக்கிறோம். ஏறத்தாழ ஆயிரம் பேர். கிழக்கே வேலைக்கு அனுப்புகிறார்களாம். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் இப்போதைக்கு வேண்டாமாம், அதனால் அப்பா வரவில்லை. தனியாக இருக்கிறார். உன் கணவன் ஜெர்மானியன் என்பதால் எங்களைப்போல உடையில் தைக்கும் மஞ்சள் நட்சத்திரம் உனக்கு இல்லை, ரயிலில் ஏறலாம். உடனே வா.

வருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். நான் அப்பாவிடம் கேட்கவேயில்லை.

"செத்தவ வீட்டுல" என்ற அந்தப் பேச்சு நானே இட்டுக்கட்டியது. உன் கடிதம் வந்த அன்று அவர் எதிரே போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. 35-இல் நீ கேட்டாயே, உன் பெயரை எடுத்தாரா என்று. எடுத்தார். "அந்தக் கப்பல்காரன் இன்னும் அவளை வச்சிருக்கானா, விட்டுட்டானா?" என்று கேட்டார். விடவில்லை என்றேன். "பரவாயில்லயே" என்றார். அதை உன்னிடமிருந்து மறைத்தேன்.

நீ போனபின் அவருக்குச் சமைத்தவள் நான். துணி துவைத்தவள் நான். என்னைக் கேட்டு வந்த இரண்டு பேரையும் அவருக்காகத் திருப்பி அனுப்பினேன். நீ எழுதிய ஒரே கடிதத்தில் அவர் எழுந்து உன் வீட்டுக்கு வந்துவிடுவார், நான் முன்பின் தெரியாத ஊரில் யாரோ ஒருத்திக்குத் தேநீர் கொண்டுபோய் வைப்பேன். இதுதான் நியாயமா என்று தோன்றியது. அந்த ஊரைப் பற்றிய பயமும்தான். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளினேன். அப்புறம் போர்.

அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். இடுப்பு வலிக்கு இரவில் சூடான செங்கல்லைத் துணியில் சுற்றிக் கொடு. ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிடு, பல் இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. பழக்கமில்லை.

ஹெட்விக்

---

ஹாம்பர்க்,
2 செப்டம்பர் 1942

அன்புள்ள அக்காவுக்கு,

டிசம்பரில் உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முகவரி விசாரிக்கப் போன இடத்தில், "தெரியாது, கேக்காதீங்க" என்றார்கள். உன்னோடு போன ஆயிரம் பேரில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. கிழக்குப் போர்முனையிலிருந்து விடுப்பில் வந்த ஒரு சிப்பாய் கிடங்கில் கார்ஸ்டனிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று கார்ஸ்டன் சொல்லமாட்டேன் என்கிறான். அதிலிருந்து அவன் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. எனக்குப் புரிகிறது. இருந்தும் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே போனேன். அப்பா கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள வா, குளிர் வருது" என்றார். பதினைந்து வருடத்துக்கு அவ்வளவுதான். நான் கோட்டைக் கழற்றி உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன். "தோலைத் தடிமனா சீவாதே, ஹெட்விக் மெல்லிசா சீவுவா" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

இந்த ஒன்பது மாதமும் போய் வந்துகொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை. உன்மேல் கோபம் இருந்தது, மறைக்கமாட்டேன். ரயிலில் பன்னிரண்டு மணி நேரம், வழியெல்லாம் உன்னை வைதுகொண்டே போவேன். ஒருமுறை கார்ஸ்டனிடம் கத்தினேன். அவன், "நீங்க ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கிறீங்க. கதவைப் பூட்டினவன் எவன்னு மறந்துட்டீங்களே" என்றான்.

போன வாரம் அப்பாவுக்கும் கிளம்பச் சொல்லித் தாள் வந்தது. தெரேசியன்ஸ்டாட் என்று ஓர் ஊர், முதியோர் இல்லம் என்கிறார்கள். ஒப்பந்தம்போல ஒன்றில் கையெழுத்தும் வாங்கினார்கள். அவர் படித்துப் பார்க்காமலே போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணிகளை அடுக்கினேன். மத்தியானம், வெளியே நல்ல வெயில். அப்போது சொல்லிவிட்டேன். ஹல் நகரத்து வேலை, தெருப்பக்க அறை, நீ கேட்காதது, எல்லாம்.

அவர் சாக்ஸை மடித்துக்கொண்டே இருந்தார். "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"உன் கடுதாசிய அவ கணக்குப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருந்தா. அவ கடைக்குப் போயிருந்தப்ப எடுத்துப் படிச்சேன். மே மாசம் வந்ததையும் படிச்சேன்."

"அப்படின்னா ஏன்பா நீங்களே சொல்லல? போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ போயிருப்பாளே!"

அறை நடுவே தொங்கிய போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கேப்பான்னு இருந்தேன். அவ கேக்கல. சரி, அவளுக்கே போக மனசில்லபோலன்னு நினைச்சிக்கிட்டேன்" என்றார். பிறகு, "அது பொய். அப்படி நினைக்கறது எனக்கு வசதியா இருந்தது. அவ இல்லாம இருக்க எனக்குத் தெரியாது" என்றார்.

அடுத்த நாள் காலை அவரை ரயிலடிவரை கூட்டிப்போனேன். உள்ளே விடவில்லை. மூட்டையை இன்னொரு கிழவர் வாங்கிக்கொண்டார். அப்பா என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். "அவளுக்கு எழுது. தப்பு அவளோடது மட்டும் இல்லன்னு எழுது. கட்டாயம் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன், அக்கா.

மேட்டா